அல் அய்ன் உதைபந்தாட்டக் கழகம்: தோற்றமும் வளர்ச்சியும்

வளைகுடா நாடுகளின் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்ணெய்க் கிணற்றிலிருந்தே தொடங்குவர். எண்ணெய் கிடைத்தது, பணம் பெருகியது, அப்பணம் அரங்குகளைக் கட்டியது, அயல்நாட்டு வீரரை விலைகொடுத்து அழைத்து வந்தது என்பதே அவர்கள் தரும் வரலாறு. இக்கூற்றுப் பொய்யன்று, ஆயின் முழுமையுமன்று. பணத்தினால் ஆடுகளம் அமைத்தல் இயலும். அக்களத்தில் முதலில் இறங்கியவர் எங்கிருந்து வந்தனர், அவர் அமைத்த கழகம் பின்னர் யாருடையதாயிற்று, அக்கழகத்துக்காக ஆடும் உரிமை யாருக்கு வாய்த்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு எண்ணெய் மட்டும் விடையாகாது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் அய்ன் கழகத்தினது வரலாறு இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். 2021-22 ஆம் ஆண்டுப் பருவம் வரையில் அந்நாட்டின் லீக் பட்டத்தை 14 முறை வென்றதும், 2003, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆசியச் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைப் பெற்றதும் இக்கழகமே.

அல் அய்ன் என்னும் அரபுச் சொல் ஊற்றைக் குறிக்கும். அபுதாபி நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவில், ஜபல் ஹபீத் மலையை அடுத்து அமைந்த பேரீச்சஞ் சோலைகளின் தொகுதியே அவ்வூர். நிலத்தடி நீரைக் கால்வாய்களினாற் கொணர்ந்து, முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பலஜ்’ என்னும் பாசன முறை அங்கு நெடுங்காலமாக நிலவி வந்தது. கடலோர ஊர்கள் முத்துக்குளிப்பையும் மீன்பிடியையும் நம்பி வாழ்ந்த காலத்தில், உள்நாட்டில் இருந்த இச்சோலைகள் நீரையும் பேரீச்சையையும் நம்பி வாழ்ந்தன. சோலைத் தொகுதியின் ஒரு பகுதியாகிய புரைமி ஓமானுக்கு உரியது. 1952இல் சவூதி அரேபியா இப்பகுதிக்கு உரிமை கோரித் தன் ஆட்களை அங்கு நிறுத்தியதும், 1955இல் பிரித்தானியரின் தலைமையில் இயங்கிய படை அவர்களை வெளியேற்றியதும் வரலாறு. எல்லை எது, யார் எவ்வாட்சிக்கு உட்பட்டவர் என்பன அவ்வூர் மக்களுக்கு அண்மைக் காலம் வரை தீராத வினாக்களாகவே இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

1946 முதல் 1966 வரையில் இப்பகுதியை ஆட்சியாளரின் பிரதிநிதியாக நிருவகித்தவர் ஷேக் சாயித் பின் சுல்தான் அல் நஹ்யான். தூர்ந்து கிடந்த கால்வாய்களைத் துப்புரவாக்குவதும் நீர்ப்பங்கீட்டைச் சீர்செய்வதும் அவர் முதலில் மேற்கொண்ட பணிகளுட் சில. அபுதாபியில் 1958இல் எண்ணெய் கண்டறியப்பட்டு 1962இல் ஏற்றுமதி தொடங்கிற்று. 1959இல் அல் அய்னில் ஒரு பாடசாலையும், 1960இல் அமெரிக்க மருத்துவத் தம்பதியரின் முயற்சியால் ஒரு மருத்துவமனையும் ஏற்பட்டன. பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டும். அலுவலகத்துக்கு எழுதவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தவர் வேண்டும். இத்தகையோர் அக்காலத்தில் உள்ளூரிற் போதியளவு இருக்கவில்லை. எனவே கல்வியில் முந்திக்கொண்ட அரபு நாடுகளிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்தனர்.

அவ்வாறு வந்தோர் தம் பெட்டிகளில் நூல்களை மட்டும் கொண்டுவரவில்லை. பஹ்ரைனில் நவீனக் கல்வி 1919இலேயே தொடங்கிவிட்டது. அங்குள்ள முஹர்ரக் கழகம் 1928இல் நிறுவப்பட்டது. சூடானிலோ பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் உதைபந்தாட்டம் நகர மக்களின் ஆட்டமாக வேரூன்றிவிட்டது. ஆபிரிக்க நாடுகளுக்கிடையிலான கிண்ணப் போட்டி 1957இல் முதன்முதலாக நடைபெற்றபோது அதனை நடாத்திய நாடும் சூடானே. ஆகவே 1960களில் அல் அய்னுக்குத் தொழில் நாடி வந்த ஒரு சூடானியருக்கும், அங்கு வந்திருந்த ஒரு பஹ்ரைன் மாணவருக்கும் கழகம் என்பது என்ன, அதற்கு நிருவாகக் குழு ஏன் வேண்டும் என்பன புதிய செய்திகளாக இருந்திருக்க மாட்டா. உள்ளூர் இளைஞரோ மணல்வெளியிற் பந்தை உதைத்துப் பழகியிருந்தனர். இம்மூன்று பிரிவினரும் கூடியே 1968 ஓகஸ்ட் மாதத்தில் அல் அய்ன் கழகத்தை நிறுவினர்.

இவ்வாண்டு தனிக் கவனத்துக்குரியது. சூயஸுக்குக் கிழக்கேயுள்ள தன் படைகளை 1971ஆம் ஆண்டு முடிவதற்குள் விலக்கிக்கொள்ளப் போவதாகப் பிரித்தானியா அறிவித்தது 1968 ஜனவரியில். கழகம் பிறந்தது அதற்கு ஏழு மாதங்களின் பின். ஐக்கிய அரபு இராச்சியம் பிறந்தது 1971 டிசம்பரில். அதாவது, கழகம் தான் சார்ந்த நாட்டினும் மூன்று ஆண்டுகள் மூத்தது. குடியுரிமை என்னும் சட்டக் கருத்து முழு வடிவம் பெறுமுன், இன்னார் இந்நாட்டார், இன்னார் அயலார் என்னும் பகுப்பு இறுக்கமடையுமுன், ஒரே ஊரில் வாழ்ந்தோர் என்னும் உறவினாலேயே இக்கழகம் அமைந்தது. பிற்கால வரலாற்றை நோக்குமிடத்து இவ்வுண்மையின் பெறுமதி தெளிவாகும்.

கழகத்துக்கு நிலையான இடமும் வசதிகளும் கிடைத்தமைக்கு ஆளும் குடும்பத்தின் ஆதரவே காரணம். சாயித் 1966இல் அபுதாபியின் ஆட்சியாளரானதும் அவர் மகன் கலீபா கிழக்குப் பகுதியின் பிரதிநிதியாக அமர்ந்தார். கழகத்தின் முதற் புரவலரும் அவரே. சங்க காலத்துப் புலவர்க்கும் வள்ளல்கட்கும் இருந்த உறவை நன்கறிந்த நமக்கு, புரவலர் இன்றிக் கலை வாழாத சமுதாயம் ஒன்றின் இயல்பை விளங்கிக்கொள்வது கடினமன்று. கொடை பெற்றவன் கொடுத்தவனைப் பாடுவான். கழகங்கள் தம் அரங்குகளுக்கு அவன் பெயரைச் சூட்டும். அல் அய்னின் அரங்குகள் தஹ்னூன் பின் முஹம்மத், கலீபா, ஹஸ்ஸா பின் சாயித் என்னும் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. மூவரும் அல் நஹ்யான் குடும்பத்தினர்.

ஆயினும் தொடக்க ஆண்டுகளில் உறுப்பினர் வெறும் பயனாளிகளாக இருந்தனர் எனக் கொள்ளுதல் தவறு. 1971இல் உறுப்பினருட் சிலர் பிரிந்து சென்று அல் தளாமுன் என்னும் வேறொரு கழகத்தை அமைத்தனர். தளாமுன் என்பதற்கு ஒருமைப்பாடு என்பது பொருள். பிரிந்து சென்றவர்கள் இப்பெயரைத் தெரிந்தமை சிறிது நகைப்புக்கு இடமளிப்பதே. 1974இல் இரு கழகங்களும் மீண்டும் இணைந்தன. பச்சையும் வெள்ளையுமாக இருந்த சீருடை அவ்விணைப்பின்போது சிவப்பாயிற்று. அதுவும் நிலைக்கவில்லை. மொறோக்கோவில் நடைபெற்ற நட்புறவுப் போட்டித் தொடர் ஒன்றுக்குச் சென்ற குழுவினர், அங்கு ஆடிய பெல்ஜியத்தின் அன்டர்லெக்ட் கழகத்தார் அணிந்திருந்த ஊதா நிறத்திற் பெரிதும் ஈடுபட்டனர். 1977-78 பருவம் முதல் ஊதாவே அல் அய்னின் நிறமாயிற்று. இன்று அவ்வூரின் சுவர்களிலும் கொடிகளிலும் காணப்படும் அந்நிறம் பாலைக்கும் உரியதன்று, பேரீச்சைக்கும் உரியதன்று. கண்ணுக்கு அழகாக இருந்தமையால் எடுத்துக்கொள்ளப்பட்டது. மரபுகளுட் பல இவ்வாறே தோன்றுகின்றன. தோன்றிய கதையை மறந்த பின்னரே அவை பழைமையானவையாகத் தோற்றமளிக்கின்றன.

நிறம் மாறுவதற்குச் சற்று முன்னர், 1976-77 பருவத்தில், கழகம் தன் முதலாவது நாட்டு லீக் பட்டத்தை வென்றது. 1980-81, 1983-84 ஆகிய பருவங்களில் அடுத்த இரண்டும் வந்தன. அதன்பின் 1992-93 வரையில் நீண்ட வறட்சி. தலைநகரும் டுபாயும் பெருவணிகத்தின் மையங்களாக வளர்ந்தபோது, அல் அய்ன் 1976இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தினாலும் தன் சோலைகளினாலும் அறியப்பட்ட உள்நாட்டு ஊராகவே இருந்தது. கழகத்தின் வெற்றிகளே அவ்வூரின் பெயரைப் பிற இடங்களில் ஒலிக்கச் செய்தன எனின் அது மிகையாகாது.

பெரும் வளர்ச்சி 1990களின் பிற்பகுதியில் ஏற்பட்டது. 1997-98இல் லீக் பட்டம், அடுத்த பருவத்தில் ஆசியக் கழகங்களின் போட்டியில் மூன்றாம் இடம், 1999-2000இல் மீண்டும் லீக் பட்டம், பின்னர் 2001-02 முதல் 2003-04 வரையில் அடுத்தடுத்து மூன்று பட்டங்கள் என்பன இக்காலத்தின் அறுவடை. 2002ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் செனகல் குழுவைப் பயிற்றுவித்து, நடப்புச் சம்பியனாக இருந்த பிரான்சையே தோற்கடித்த புரூனோ மெற்சு அவ்வாண்டிலேயே அல் அய்னுக்குப் பயிற்றுநராக வந்தார். அதே பருவத்தில் ஆசியக் கண்டத்தின் கழகப் போட்டிகள் ஒன்றிணைக்கப்பட்டு ஆசியச் சம்பியன்ஸ் லீக் என்னும் புதிய பெயரில் நடைபெற்றன. அரையிறுதியில் சீனாவின் டாலியன் கழகத்தை இரு ஆட்டங்களிலுமாக 7-6 என்னும் கோல் கணக்கில் அல் அய்ன் வென்றது. 2003 ஒக்ரோபரில் இறுதியாட்டம். தாய்லாந்தின் பிஇசி தேரோ சாசனக் கழகத்தை அல் அய்னில் 2-0 என வென்று, பாங்கொக்கில் 0-1 எனத் தோற்று, மொத்தத்தில் 2-1 எனக் கிண்ணம் வந்து சேர்ந்தது. சொந்த ஊரில் அந்த இரண்டு கோல்களையும் போட்ட சாலிம் ஜோஹர், முஹம்மத் உமர் ஆகிய இருவரும் உள்நாட்டு வீரர். அந்நாட்டுக் கழகம் ஒன்று ஆசியச் சம்பியனானது அதுவே முதன்முறை. 2005இல் மீண்டும் இறுதியாட்டத்தை அடைந்தபோது ஜித்தாவின் அல் இத்திஹாத் கழகத்திடம் தோற்க நேர்ந்தது.

இனி, ‘தொழில்முறைக் கழகம்’ என்னும் தொடரின் பொருளைச் சிறிது ஆராய்தல் வேண்டும். இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டம் 1885இல் ஏற்கப்பட்டது. ஆலைத்தொழிலாளர் வாயிற்கட்டணம் செலுத்தி ஆட்டத்தைப் பார்த்தனர். அக்கட்டணத்திலிருந்து கழகம் வீரருக்கு ஊதியம் வழங்கியது. வழக்கமாகிவிட்டதைச் சங்கம் பின்னர் ஏற்றுக்கொண்டது. அங்கு அது கீழிருந்து எழுந்த மாற்றம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் தொழில்முறை லீக் 2008-09 பருவத்தில் தொடங்கியது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு, தன் முதன்மைப் போட்டியில் இடம்பெற விரும்பும் நாடுகளின் லீக் தொழில்முறை அமைப்பாக இருத்தல் வேண்டுமென விதித்த நிபந்தனைகளே அதற்கு உடனடிக் காரணம். கழகங்கள் நிறுவனங்களாகப் பதிவாயின, ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன, கணக்குகள் முறைப்படுத்தப்பட்டன. ஆனால் வாயிற்கட்டணத்தைக் கொண்டு எக்கழகமும் வாழவில்லை. முன்னர் வழங்கிய கைகளே தொடர்ந்து வழங்கின. புரவலர் முறையின் மேல் தொழில்முறை என்னும் சட்டை அணிவிக்கப்பட்டது எனலாம். இது குறையா, வேறொரு வளர்ச்சி நெறியா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. ஊதியம் பெற்று முழுநேரமும் பயிலும் வாய்ப்பு உள்நாட்டு இளைஞருக்கு இம்மாற்றத்தினால் உறுதிப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கழகத்தை இழந்தால் வருந்துவோர் எத்தனை பேர் என்பதன்றி, அதனைத் தாங்குவோர் யார் என்பதே அதன் ஆயுளைத் தீர்மானித்தது.

அதே 2008ஆம் ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அல் நஹ்யான் குடும்பத்தவராகிய ஷேக் மன்சூர் பின் சாயித், இங்கிலாந்தின் மன்செஸ்ரர் சிற்றிக் கழகத்தை விலைக்கு வாங்கினார். சோலை ஊரின் கழகத்துக்குப் புரவலராக விளங்கிய குடும்பம் உலகின் மிகப் பெரிய ஆட்டச் சந்தையினுள்ளும் நுழைந்தது.

புதிய லீக்கின் முதல் ஆண்டுகள் அல் அய்னுக்கு உவப்பாக அமையவில்லை. 2010-11 பருவத்தில் 12 கழகங்களுள் பத்தாவதாக நின்று தரமிறக்கத்திலிருந்து அரிதாகவே தப்பிற்று. அதற்கு மறுமொழியாக 2011இல் கானா நாட்டின் அசமோவா கியான் இங்கிலாந்தின் சண்டர்லாந்திலிருந்து வந்தார். 25 வயதுடைய ஒரு முன்கள வீரர் ஆங்கில லீக்கை விட்டுப் பாலை ஊருக்கு வந்தமை பலரை வியப்பில் ஆழ்த்தியது. முதற் பருவத்தில் 22, அடுத்ததில் 31, அதற்கடுத்ததில் 29 என அவர் லீக்கில் கோல்களைக் குவித்தார். ருமேனியரான கொஸ்மின் ஒலரோயுவின் பயிற்சியில் 2011-12, 2012-13 பருவங்களின் பட்டங்கள் கிடைத்தன.

கியானின் வருகையினும் கழக வரலாற்றிற் பொருள் மிக்கது உமர் அப்துர் ரஹ்மானின் வருகை. 1991இல் ரியாதில், யெமன் வழிவந்த குடும்பத்திற் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோதே சவூதிக் கழகங்களின் கண் அவர்மீது விழுந்தது; ஆனால் குடும்பத்தார் அனைவருக்கும் குடியுரிமை என்பது அங்குக் கைகூடவில்லை. அல் அய்ன் அவரையும் உடன்பிறந்தாரையும் ஒருங்கே ஏற்றது, குடும்பம் இடம்பெயர்ந்தது, ஐக்கிய அரபு இராச்சியத்தின் குடியுரிமை கிட்டியது. 2016இல் ஆசியாவின் சிறந்த வீரர் என்னும் விருதை அவர் பெற்றபோது, அந்நாட்டு மக்கள் அவரைத் தம் மண்ணின் மைந்தராகவே கொண்டாடினர். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் எட்டாத குடியுரிமை ஓர் இடது காலின் திறமைக்கு எட்டியது. நாட்டின் மக்கட்டொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் குடியுரிமை அற்ற வெளிநாட்டார். இலங்கையரும் இந்தியரும் பாகிஸ்தானியரும் அவர்களுள் அடங்குவர். அவர்தம் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே பாடசாலைக்குச் சென்று, அதே வெயிலிற் பந்து உதைத்து வளர்ந்தாலும், நெடுங்காலம் அந்நாட்டின் உத்தியோகபூர்வப் போட்டிகளில் இடம்பெற இயலாதவராயினர். சூடானியரும் பஹ்ரைனியரும் கூடி அமைத்த கழகத்தின் வாயில், அவ்வமைப்பாளரைப் போன்றோரின் பிள்ளைகளுக்கே மூடப்பட்டிருந்தது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 2017இல் வெளிவந்த ஓர் ஆணை, உள்நாட்டுத் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் அந்நாட்டிற் பிறந்தோருக்கும் அவ்வாயிலைத் திறந்தது. ஆயின் கழகங்கள் இவ்வசதியைத் தெருவில் ஆடிய தொழிலாளர் பிள்ளைகளைத் தேடுவதற்குப் பயன்படுத்தியதிலும், ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இளம் வீரரைத் தெரிந்தெடுத்து வதிவோராகப் பதிவதற்குப் பயன்படுத்தியதே மிகுதி.

2014 ஜனவரியில் ஹஸ்ஸா பின் சாயித் அரங்கு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய அவ்வரங்கின் புறச்சுவர் பேரீச்ச மரத்தின் அடிமரச் செதில்களை ஒத்து அமைக்கப்பட்டுள்ளது. பின்னாளில் குரோவேசியாவை 2018 உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை இட்டுச்சென்ற ஸ்லற்கோ டாலிச் இங்குப் பயிற்றுநராக இருந்து 2014-15இன் பட்டத்தைப் பெற்றுத்தந்தார். 2016இல் ஆசிய இறுதியாட்டத்தில் தென் கொரியாவின் ஜியொன்புக் கழகத்திடம் தோல்வி. அவ்வாட்டத்தில் டக்ளஸ் என்பார் தவறவிட்ட தண்ட உதையை ஊரார் எளிதில் மறந்திலர்.

கழகத்தின் பொன்விழா ஆண்டாகிய 2018இல், நாட்டின் சம்பியன் என்ற தகுதியில், அபுதாபியிலும் அல் அய்னிலும் நடைபெற்ற உலகக் கழகக் கிண்ணப் போட்டியில் அது பங்குபற்றிற்று. முதலாட்டத்தில் நியூசிலாந்தின் வெலிங்டன் கழகத்திடம் 0-3 எனப் பின்தங்கி, 3-3 எனச் சமன் செய்து, தண்ட உதைகளில் மீண்டது. அடுத்துத் தூனிசியாவின் எஸ்பராய்ன்ஸ் கழகம் 3-0 என வீழ்ந்தது. அரையிறுதியில் தென் அமெரிக்கச் சம்பியனாகிய ஆர்ஜென்டீனாவின் றிவர் பிளேற்றை 2-2 என்னும் சமநிலைக்குப் பின் தண்ட உதைகளில் 5-4 என வென்றது; இறுதி உதையைத் தடுத்தவர் வாயிற்காப்பாளர் காலித் ஈஸா. இறுதியாட்டத்தில் ரியல் மட்ரிட் 4-1 என வென்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் யப்பானியரான சியோத்தானி.

2023இல் சவூதி அரேபியாவின் அரச முதலீட்டு நிதியம் அந்நாட்டின் நான்கு பெருங் கழகங்களில் 75 வீதப் பங்கைக் கைப்பற்றியதும் வளைகுடாவின் நிலை மாறியது. ரொனால்டோ முதலியோர் ஆடிய அக்கழகங்களின் முன் அல் அய்ன் திடீரென ஏழைக் கழகம் போலத் தோன்றியது. இந்நிலையில் 2023-24 பருவத்தின் ஆசியப் போட்டியில் காலிறுதியில் ரியாதின் அல் நஸ்ரைத் தண்ட உதைகளில் வென்றது. அரையிறுதியில் அல் ஹிலால். அக்கழகம் தொடர்ந்து 34 ஆட்டங்களை வென்று உலக சாதனை நிலைநாட்டியிருந்தது. 2024 ஏப்ரல் 16இல் நடைபெறவிருந்த முதலாட்டம் பெருமழையினால் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்நாட்டில் 1949 முதல் பதிவான மழைகளுள் மிகப் பெரியது அது. அல் அய்ன் பகுதியின் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர் பெய்தது. நீரைத் துளித்துளியாகப் பங்கிட்டு வாழ்ந்த சோலையில் வீதிகள் ஆறுகளாயின. மறுநாள் அல் அய்ன் 4-2 என வென்றது. சுபியான் ரஹீமி மூன்று கோல்கள். ரியாதில் 1-2 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் முன்னேறியது. மே 1இல், அப்பகுதியில் நெடுங்காலம் ஆட்சியாளரின் பிரதிநிதியாக இருந்த தஹ்னூன் பின் முஹம்மத் காலமானார். மே 11இல் யொக்கோஹாமாவில் 1-2 எனத் தோல்வி. மே 25இல் ஹஸ்ஸா அரங்கில் ஆர்ஜென்டீனரான எர்னான் கிரெஸ்போவின் பயிற்சியில் 5-1 என வெற்றி. 21 ஆண்டுகளின் பின் கிண்ணம் மீண்டது. தொடர் முழுவதிலும் 13 கோல்களைப் போட்ட ரஹீமி, ஊதா நிறத்தைத் தந்த அதே மொறோக்கோவைச் சேர்ந்தவர். 2003இன் இறுதியாட்டத்தைப் போலன்றி, இம்முறை சொந்த அரங்கில் விழுந்த ஐந்து கோல்களுள் ஒன்றேனும் உள்நாட்டிற் பிறந்தவரால் போடப்பட்டதன்று.

வெற்றியின் பயன் நெடிது நிற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் கிரெஸ்போ நீக்கப்பட்டார். 2025 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவில் 32 கழகங்கள் பங்குபற்றிய உலகக் கழகக் கிண்ணத்தில் ஜுவெந்தசிடம் 0-5 எனத் தோற்ற அல் அய்ன், அடுத்து அற்லாண்டாவில் மன்செஸ்ரர் சிற்றியை எதிர்கொண்டது. ஒரே குடும்பத்தின் ஆதரவிலுள்ள இரு கழகங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று சோலையின் மணலில் அவர்கள் வளர்த்தது. மற்றது அயல்நாட்டுச் சந்தையில் அவர்கள் வாங்கியது. வாங்கப்பட்ட கழகம் 6-0 என வென்றது. நான்கு நாட்களின் பின் மொறோக்கோவின் வைதாத் கழகத்தை 2-1 எனத் தோற்கடித்துவிட்டு, ஊதாச் சட்டையினர் ஊர் திரும்பினர்.